யாவோர் உச்சியில் நான்கு பெயர்கள்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு லுத்விக் தன் வலது பூட்ஸுக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தார். இடது பூட்ஸ் மகள் நேஷாவின் மடியில் இருந்தது. பண்ணை விடுதியின் சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்திருந்தார்கள். குளிரில் மெழுகு இறுகிப்போயிருந்தது. விரல் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கித்தான் தேய்க்க வேண்டியிருந்தது.

"தையல் ஓரமா விடு. மூஞ்சிக்கு கிரீம் போடுற மாதிரி மேலாப்புல தடவுற."

"இது நான் பொறக்குறதுக்கு முன்னாடி வாங்கின பூட்ஸ் அப்பா. எனக்கு அக்கா முறை."

"அக்கா ஒரு நாளும் எதிர்த்துப் பேசினதில்ல."

நேஷா சிரித்தாள். அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு தரம் கேட்டதையே மறுபடியும் கேட்டார்.

"நாலு பேருமா மேல போயிட்டு வந்துடலாம். ஏற ரெண்டரை மணி நேரம்தான். பிரினாவுக்குக் கால் வலிச்சா நான் தூக்கிக்கறேன்."

"குகைக்கு டிக்கெட் போட்டாச்சு அப்பா. பத்தரை மணிக்கு. இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசி ஞாயிறு. அப்புறம் வௌவால் தூங்கணும்னு வசந்தம் வரைக்கும் பூட்டிடுவாங்க."

"வௌவாலுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல."

"மலைக்கு நாளைக்குப் போலாமே."

"நாளைக்கு மழை. வெயில் இன்னிக்குத்தான்."

"அப்போ அடுத்த தடவை."

அவர் இரண்டு பூட்ஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இடதின் குதிகாலில் மகள் விட்டுவிட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துச் சரிசெய்தார். எட்டு மணிக்குக் கிளம்பினார். எட்டு வயதுப் பேத்தி பிரினா மாடி ஜன்னலிலிருந்து, "தாத்தா, மேல போய் எங்களைக் கேட்டதாச் சொல்லு" என்று கத்தினாள். அவர் திரும்பாமலே கைத்தடியை உயர்த்திக் காட்டினார்.

லுத்விக்குக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் பள்ளத்தாக்கு வழித்தடத்தில் பஸ் ஓட்டியவர். தாமதமாக ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்தி வைத்து மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார். மறுநாளும் நிறுத்துவார். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பஸ் போனால், ஆசிரியை எண்ணிய பிறகும் தானே ஒருமுறை தலைகளை எண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டார். மனைவி மர்யேத்தா நான்கு குளிர்காலங்களுக்கு முன் இறந்தார். அதன் பிறகு மூன்று வகைச் சமையல் கற்றுக்கொண்டார், நான்காவது தேவையில்லை என்று நிறுத்திவிட்டார். மாதம் ஒருமுறையாவது யாவோர் மலை ஏறுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளுக்குப் போன் செய்வார். பேத்தியின் படிப்பு, மாப்பிள்ளையின் முதுகுவலி எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, போனை வைக்கப்போகிறவர் போல, "ஞாயித்துக்கிழமை யாவோர் வர்றியா?" என்பார். நேஷா நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அணைக்கட்டில் இன்ஜினியர். அணைச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று அளப்பது அவள் வேலை. அவள் பதில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான். அதைத்தான் அன்று காலையும் சொன்னாள்.

பள்ளிகளுக்கு இலையுதிர் காலத்தில் விடும் இந்த உருளைக்கிழங்கு விடுமுறைக்கு மூன்று நாள் சேர்ந்து போகலாம் என்று அவரே இடம் பிடித்திருந்தார். யாவோரின் அடிவாரத்தில், குகைக்குப் பக்கத்திலேயே.

குகையைக் கிராமத்துக் குகைச் சங்கம் நடத்துகிறது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஹெல்மெட், தாடி வைத்த வழிகாட்டி ஒருவர். வாசலில் இரும்புக் கதவைத் தாண்டியதுமே போனில் சிக்னல் போய்விட்டது. உள்ளே வருஷம் முழுக்க ஒன்பது டிகிரி. பிரினா வௌவால்களை எண்ணிக்கொண்டே வந்தாள். நேஷாவின் கணவன் காஷ்பர் உயரமான ஆள், மூன்று இடத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

"ஹெல்மெட் உங்களுக்கா, குகைக்கா?" என்றார் வழிகாட்டி.

பெரிய கூடத்துக்கு வந்ததும் எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. கண்முன் நீட்டிய கை தெரியாத இருட்டு. எங்கோ சொட்டு விழுந்தது. பிரினாவின் கை அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அப்போது மணி பதினொன்று ஐந்து. நேஷா தற்செயலாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பல நாள் நினைத்தாள்.

பன்னிரண்டரைக்கு வெளியே வந்தார்கள். வெயிலில் கண் கூசியது. மலைச் சரிவை ஒட்டி ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போய், திரும்பி அதே தடத்தில் வந்தது.

"யாரோ வழி தவறிட்டாங்க போல" என்றான் காஷ்பர்.

நேஷாவின் போன் அடுக்கடுக்காக அதிர ஆரம்பித்தது. பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாமே அப்பாவின் எண்ணிலிருந்து. காஷ்பரின் போனிலும் ஒன்பது. அவள் உடனே திருப்பி அழைத்தாள்.

"அப்பா, குகைக்குள்ள இருந்தோம். அதுக்குள்ள பதினேழு தடவையா..."

"யாரு? நேஷாவா?" அறியாத ஆண் குரல்.

"நேஷாதான். எங்கப்பா போன் உங்க கையில எப்படி?"

"நேஷா! உயிரோட இருக்கியா? குழந்தை? குழந்தை உன்கூட இருக்கா?"

ஆயிரம் மீட்டருக்கு மேலே முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரையொருவர் நீ என்றுதான் பேசுவார்கள். அந்த 'நீ'யைக் கேட்டதும், இவன் மலைமேல் நிற்கிறான் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. வேறெதுவும் புரியவில்லை.

"இங்கதான் இருக்கா. வௌவால் ஸ்டிக்கர் வாங்கிட்டிருக்கா."

"காஷ்பர்?"

"அவரும் இங்கதான். நீ யாரு?"

அவன் போனை முகத்திலிருந்து விலக்கிக் கத்தினான். "மூணு பேரும் கிடைச்சாச்சு! உயிரோட இருக்காங்க! குழந்தையும்தான்! தேடுறதை நிறுத்துங்கடா, ஹெலிகாப்டரைத் திருப்பிக் கூப்பிடுங்க!" அந்தப் பக்கம் பலர் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். யாரோ வாய்விட்டு அழுவது போலவும் கேட்டது.

"எங்கப்பா எங்க?" என்றாள் நேஷா.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. 

"நேஷா," என்றான் அவன், "பக்கத்துல உட்கார இடம் இருக்கா?"

அவள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். காஷ்பர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரினாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தான். எட்டு வயதுப் பெண்ணை அவன் அப்படித் தூக்கி நாளாகிவிட்டது.

கிராமத்துத் தீயணைப்பு நிலையத்தில் மீட்புக் குழுவினர் கூடியிருந்தார்கள். போனில் பேசியவன் பெயர் யூரே, குழுத் தலைவன். உள்ளே நுழைந்ததும் சேறும் வியர்வையுமாக ஏழெட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் மண்டியிட்டு பிரினாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். பிரினா பயந்து அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். இந்த மனிதர்கள் தன் மகளை ஒரு மணி நேரம் பள்ளங்களுக்குள் பிணமாகத் தேடியிருக்கிறார்கள் என்பது நேஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்களை ஏன் தேடினீங்க?"

யூரே மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினான். அலென்கா என்று பெயர். கணவனோடு மலையேற வந்தவள். லுத்விக்கை முதலில் கண்டது அவர்கள்தான்.

"உச்சியில தகரப் பெட்டிக்குள்ள பெயர் எழுதுற புத்தகம் இருக்குமே," என்றாள் அலென்கா. "திறந்தா புத்தம் புதுசு. முதல் பக்கத்துல ஒரே ஒரு பதிவு. நாலு பேர். நாங்க அஞ்சாவது, ஆறாவது. ஏறினது வேற பாதை. இறங்கி வரும்போது இந்தப் பக்கப் பாதையில அவர் கிடந்தார். கீழே பார்த்தா செங்குத்தான சரிவு. நாலு பேர்ல ஒருத்தர்தான் இருக்காரு, மத்தவங்க எங்க? ஒருத்தர் கால் தவறி, பிடிக்கப்போய் எல்லாரும் விழுந்துட்டாங்களோன்னு... நான்தான் போன்ல அப்படிச் சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

"அவர் போனை எடுத்து உங்க ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி அடிச்சோம்," என்றான் யூரே. "எடுக்கல. பண்ணை வீட்டம்மாவைக் கேட்டா, எல்லாரும் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் கிளம்பினாங்கன்னாங்க. அப்புறம் என்ன நினைக்க முடியும்?" கொஞ்சம் நிறுத்தினான். "நீ மேல போகவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப ஏன் உன் பேரு அங்க இருக்கு?"

நேஷா திரும்பி காஷ்பரைப் பார்த்தாள்.

உயிரோடு இருக்கக்கூடியவர்கள் முதலில் என்பது மீட்புக் குழுவின் விதி. அதனால் லுத்விக்கை வெள்ளித் தாள் போர்வையால் மூடிப் பாதையிலேயே விட்டுவிட்டு எல்லோரும் சரிவில் இறங்கிவிட்டார்கள். அவரே எழுதிய மூன்று பெயர்களுக்காக அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

"தனியா விடல," என்றாள் அலென்கா. "நான் கூடவே உட்கார்ந்திருந்தேன்."

நேஷா அவளுக்கு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.  தான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டர் வாசலில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். இதயம் நின்றுவிட்டது, விழுவதற்கு முன்பே, அநேகமாகப் பதினொரு மணியளவில் என்றார்.

"யாராவது கூட இருந்திருந்தா?"

"சொல்ல முடியாதும்மா."

"நான் இன்ஜினியர். தோராயமாச் சொல்லுங்க."

"மலைக் குடில்ல, நின்ன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற பெட்டி இருக்கு. அந்த இடத்திலேர்ந்து ஓடினா பன்னெண்டு நிமிஷம். திரும்ப ஏற அதுக்கு மேல ஆகும். ஒருத்தர் நெஞ்சை அழுத்தணும், ஒருத்தர் ஓடணும். பிழைச்சவங்களும் இருக்காங்க, பிழைக்காதவங்களும் இருக்காங்க. எங்கிட்ட உங்களுக்குத் தர நம்பர் இல்ல."

ஒருத்தர் அழுத்த, ஒருத்தர் ஓட. தானும் காஷ்பரும். அந்தக் கணக்கைப் போட அவளுக்கு இரண்டு விநாடி போதுமாயிருந்தது. அதன் பிறகு அது அவளை விட்டுப் போகவில்லை. மேலே இருக்கும்போதே அவருக்கு ஏதாவது செய்ததா? கை நடுங்கியதா? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினாரா? யாரும் இல்லையே என்று தேடினாரா?

"அந்தப் பக்கத்தை நான் பார்க்கணும். எழுத்தைப் பார்க்கணும்."

அலென்கா தன் போனை எடுத்தாள். "புதுப் புத்தகத்துல முதல் பதிவு, எழுத்தும் அழகா இருந்துச்சுன்னு படம் எடுத்தேன்."

வழித்தடப் பலகை எழுதுவது போன்ற நேரான எழுத்து. ஒரு கோடுகூடக் கோணவில்லை. *10.25. லுத்விக், நேஷா, காஷ்பர், பிரினா. வெயில். காற்று இல்லை. எல்லோரும் நலம். பண்ணைக்கு இறங்குகிறோம்.*

'எல்லோரும் நலம்' என்பதை நேஷா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், புள்ளிகள் சிதறி ஒன்றும் தெரியாமல் போகும்வரை.

அடக்கம் வியாழக்கிழமை நடந்தது. மலையேற்றச் சங்கத்து ஆட்கள் சாம்பல் நிறச் சட்டையில் கொடியோடு வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் நேஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா போயிட்டார்னு நிறுத்திடாதே. மாசா மாசம் ஏறின காலு சும்மா இருந்தா கெட்டுப்போகும்" என்றார். ஆள் மாற்றிப் பேசுகிறார் என்று நினைத்து அவள் தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை போலீஸ்காரர் ஒருவர் முதுகுப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு பட்டியல்: தண்ணீர் பாட்டில் ஒன்று, மடக்குக் கத்தி ஒன்று, பாதி ரொட்டி, புத்தகம் ஒன்று.

புத்தகம் பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது. கெட்டி அட்டை, ஓரங்கள் உப்பியிருந்தன. யாவோர் உச்சியின் பழைய புத்தகம். நிறைந்துபோனதைக் கீழே கொண்டுவந்து, புதியதை மேலே வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஒன்பது வருஷத்துப் பெயர்கள். நேஷா முதல் பக்கத்திலிருந்து அந்த நேரான எழுத்தைத் தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. மாதம் தவறாமல் இருந்தது.

*மர்யேத்தா, லுத்விக், நேஷா, காஷ்பர். முழங்காலளவு பனி. நேஷா வழி முழுக்க முணுமுணுப்பு.*

அவள் தேதியைப் பார்த்தாள். அன்று அவள் அணையில் இருந்தாள். அம்மாவுக்கு அந்த வருஷமே முழங்கால் அறுவை சிகிச்சை. படியேறவே முடியாத காலம்.

*மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும்.*

*பிரினா. ஒரு கிலோ தொள்ளாயிரம். முதல் தடவை. அழவில்லை.* பிரினா பிறந்து ஒன்பதாவது நாள் அது. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தாள். உயிர் தங்குமா என்று யாரும் சொல்லத் துணியாத நாள்.

*மூடுபனி. நேஷா திரும்பிவிடலாம் என்றாள். இன்னும் பத்து நிமிஷம் என்றேன். வந்துவிட்டாள்.*

நான்கு வருஷத்துக்கு முந்தின பிப்ரவரியோடு மர்யேத்தாவின் பெயர் நின்றுவிட்டது. அதற்கடுத்த பதிவில் நான்கு பெயர்களும் தேதியும் மட்டும். ஒரு சொல் கூடுதலாக இல்லை. உயிரோடு இருக்கிறவர்களை மட்டும்தான் அவர் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

காஷ்பர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். "ஒரு தடவைகூட எனக்கு மூச்சு வாங்காம ஏத்தல பாரு மனுஷன்" என்று சிரித்தான். பிறகு வெளியே போய்விட்டான். தோட்டத்தில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

நேஷா ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு முறை. அந்த ஒன்பது வருஷத்தில் அவள் உண்மையில் யாவோர் ஏறியது ஒரு முறைகூட இல்லை.

புதன்கிழமை மலையேற்றச் சங்கச் செயலாளர் ஸ்தென்கா போன் செய்தார்.

"இப்பப் போய் தொந்தரவு பண்றேன்னு நினைக்காதம்மா. பழைய புத்தகம் உங்கிட்ட வந்துடுச்சா? அதை அலமாரியில வைக்கணும். செவ்வாய்க்கிழமை கொண்டு வர்றேன்னு சொல்லியிருந்தார்."

"வந்துடுச்சு."  "அதுல தப்பான பதிவு இருக்கு."

"யார் யாரோ என்னென்னமோ கிறுக்குவாங்க. தப்புன்னா ஒத்தைக் கோடா அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்துப் போட்டுடு. அதான் முறை."

"நிறைய இருக்கு."

"எத்தனை இருந்தா என்ன, கோடுதானே." ஸ்தென்கா சிரித்தார். "உன்னை நான் பார்த்ததே இல்ல, ஆனா சங்கத்துல உன்னைத் தெரியாதவங்க கிடையாது. முணுமுணுக்கிற நேஷா! மேல போற ஆளுங்க முதல்ல உன் பக்கத்தைத்தான் புரட்டிப் படிப்பாங்க."

நேஷா மேஜைமேல் இருந்த புத்தகத்தை மூடினாள்.

"ஒண்ணு கேக்கணும். புத்தகத்தை எப்பவும் அப்பாதான் மாத்துவாரா?"

"சேச்சே, அது வயசுப் பசங்க வேலை. இந்தத் தடவை அவரே வந்து கேட்டு வாங்கிட்டுப் போனார். குடும்பத்தோட போறேன், பழசைக் கீழ கொண்டு வர்றதுக்கு முன்னாடி அவங்களை மேல உட்கார வச்சு ஒண்ணு படிச்சுக் காட்டணும்னார். ஏம்மா, காட்டினாரா?"

நேஷா என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அப்பா மூன்று தரம் கேட்டார். ராத்திரி இரண்டு தரம், காலையில் ஒரு தரம். படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் குகையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்திருப்பாள். அவர் சொல்லவில்லை. அவளும் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று கேட்கவில்லை. அவர் தனியாக மேலே போனார், பெட்டியைத் திறந்தார், யாருக்கும் படித்துக் காட்டாமல் பழைய புத்தகத்தைப் பைக்குள் வைத்தார், புதியதில் நான்கு பெயர்களை எழுதினார், இறங்கினார்.

சங்க அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் திறந்திருக்கும், மாலை ஆறிலிருந்து எட்டு வரை. நேஷா இரண்டு செவ்வாய்க்கிழமை நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து எதிர்ச் சாரியில் காரை நிறுத்தினாள். உள்ளே விளக்கு எரிந்தது. ஸ்தென்காவாகத்தான் இருக்க வேண்டும், யாரோ ஒரு பெண் அலமாரிக் கதவைத் திறந்து அடுக்கிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நேஷா பேனாவும் கொண்டுவந்திருந்தாள். ஒரு கோடும் போடவில்லை. எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. அந்தப் பெண் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

புத்தகம் பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. அதை இன்னும் ஒப்படைக்கவில்லை.